தம்பிக்கு நிலம், மகளுக்குப் பணம்

1605ஆம் ஆண்டு அக்டோபர் மாதக் கடைசியில், லண்டன் நகரின் சவாய் பகுதியில் ஜார்ஜ் க்ளிஃபர்ட் என்ற பிரபு இறந்தார். அவருக்கு வயது 47. கம்பர்லண்டின் மூன்றாம் எர்ல் என்பது அவருடைய பட்டம். இங்கிலாந்துப் பிரபுக்களின் வரிசையில் டியூக், மார்க்விஸ் ஆகிய இரண்டு படிகளுக்கு அடுத்த படி எர்ல். அவருக்கு உயிரோடு இருந்த ஒரே பிள்ளை ஆன் என்ற மகள். அப்போது அவளுக்கு வயது 15. யார்க்‌ஷயர், வெஸ்ட்மர்லண்ட் ஆகிய வடக்கு மாவட்டங்களில் இருந்த கோட்டைகளையும் நிலங்களையும் ஜார்ஜ் தன் தம்பி ஃப்ரான்சிஸுக்கு எழுதிவைத்திருந்தார். மகளுக்கு 15,000 பவுண்டு ரொக்கம்.

இந்த உயில் கிளப்பிய தகராறு 38 ஆண்டுகள் நீடித்தது. ஆன் க்ளிஃபர்ட் இன்று வரலாற்று மாணவர்கள் நன்கறிந்த பெயர். அவர் எழுதிய நாட்குறிப்புகளும் குடும்ப வரலாறும் அந்தக் காலத்துப் பெண்ணின் எழுத்தாகக் கிடைத்த அரிய ஆவணங்கள். அதனால் இந்தக் கதையைப் பெரும்பாலும் மகளின் பக்கத்திலிருந்தே கேட்கிறோம். தந்தை, பெற்ற மகளை ஒதுக்கிய மனிதராக மட்டும் நிற்கிறார். அவர் ஏன் அப்படி எழுதினார், அப்படி எழுத அவருக்கு உரிமை இருந்ததா என்று புரிந்துகொள்ள வேண்டுமானால், அன்றைய இங்கிலாந்தில் ஒரு பிரபுக் குடும்பத்தின் கையில் நிலம் எப்படி வந்தது, எப்படி நின்றது, எப்படிப் போனது என்று பார்க்க வேண்டும். ஜார்ஜின் வாழ்க்கை அதற்கு நல்ல உதாரணம்.

முதலில் ஒரு அடிப்படை. பட்டம் வேறு, நிலம் வேறு. இரண்டும் ஒரே ஆளிடம் இருப்பது வழக்கம். ஆனால் இரண்டும் ஒரே விதிப்படி இறங்குவதில்லை. க்ளிஃபர்ட் குடும்பத்துக்கு எர்ல் பட்டத்தை எட்டாம் ஹென்றி 1525இல் கொடுத்தார். அது ஆண் வாரிசுகளுக்கு மட்டுமே இறங்கும். ஆகவே ஜார்ஜுக்கு மகன் இல்லையென்றால் பட்டம் தம்பிக்குத்தான். இதில் யாருக்கும் சந்தேகம் இருக்கவில்லை. மகளும் அதைக் கேட்கவில்லை.

நிலத்தின் கதை பட்டத்தைவிடப் பழையது. யார்க்‌ஷயரின் க்ரேவன் பகுதியில் உள்ள ஸ்கிப்டன் கோட்டையையும் அதைச் சேர்ந்த நிலத்தையும் இரண்டாம் எட்வர்ட் அரசர் 1310இல் ராபர்ட் க்ளிஃபர்ட் என்ற முன்னோருக்கு வழங்கினார். வெஸ்ட்மர்லண்டில் ஆப்பிள்பி, ப்ரஃப், ப்ரூம், பெண்ட்ராகன் என்று நான்கு கோட்டைகள். கூடவே அந்த மாவட்டத்தின் ஷெரீஃப் பதவியும் பரம்பரைச் சொத்தாக இருந்தது. இவை முதலில் க்ளிஃபர்ட்களுக்கு உரியவையே அல்ல. வியூபோன் என்ற வேறொரு குடும்பத்துக்கு உரியவை. அந்தக் குடும்பத்தில் ஆண் வாரிசு இல்லாமல் போனபோது இசபெல்லா என்ற மகள் பங்குதாரராக வந்தாள். அவளை ஒரு க்ளிஃபர்ட் மணந்தார். வெஸ்ட்மர்லண்ட் அப்படித்தான் குடும்பத்துக்குள் வந்தது. அதாவது, பின்னாளில் ஒரு மகளுக்குக் கிடையாது என்று மறுக்கப்பட்ட சொத்தின் பெரும்பகுதி ஒரு மகள் வழியாகவே வந்த சொத்து. இதை நினைவில் வைத்துக்கொண்டால் வழக்கு எளிதாகப் புரியும்.

ஜார்ஜ் 1558 ஆகஸ்ட் 8 அன்று ப்ரூம் கோட்டையில் பிறந்தார். தந்தை இரண்டாம் எர்ல் ஹென்றி க்ளிஃபர்ட். தாய் ஆன் டேக்கர், ஹென்றியின் இரண்டாம் மனைவி. முதல் மனைவி எலினோர் பிராண்டன், அரசர் எட்டாம் ஹென்றியின் தங்கை மகள். அரச வீட்டுச் சம்பந்தம் வரை எட்டிய குடும்பம் அது.

1570 ஜனவரியில் தந்தை இறந்தபோது ஜார்ஜுக்கு 11 வயது. பட்டம் உடனே அவருக்கு வந்தது. நிலம் அவர் கைக்கு வரவில்லை. இங்குதான் வார்டு முறை வருகிறது. கொள்கையளவில் இங்கிலாந்தின் நிலம் முழுவதும் அரசருடையது. பெரிய பிரபுக்கள் போர்ச்சேவை செய்வதாக ஒப்புக்கொண்டு அதை அரசரிடமிருந்து நேரடியாகப் பெற்றவர்கள். பிரபு இறந்து வாரிசு மைனராக இருந்தால் போர்ச்சேவை செய்ய ஆள் இல்லை. அதனால் வாரிசு 21 வயது அடையும்வரை நிலமும் வாரிசும் அரசரின் பொறுப்புக்குப் போகும். அப்படிப் போன மைனர்தான் வார்டு. போர்ச்சேவை நடைமுறையில் எப்போதோ மறைந்துவிட்டது. அரசருக்கு வந்த வருமானம் மட்டும் நிலைத்தது. 1540இல் எட்டாம் ஹென்றி இதற்காக வார்டு நீதிமன்றம் என்ற தனி அமைப்பையே ஏற்படுத்தினார். அரசர் அந்தக் காப்புரிமையைத் தானே வைத்துக்கொள்வது அபூர்வம். பணத்துக்கோ தயவுக்கோ இன்னொருவருக்குக் கொடுத்துவிடுவார். பெற்றவர் நிலத்தின் வருமானத்தில் ஆதாயம் பார்க்கலாம். அதைவிட முக்கியம், வார்டுக்கு யாரைக் கட்டிவைப்பது என்று முடிவு செய்யும் உரிமை. தாய் உயிரோடு இருந்தாலும் அவள் பேச்சு எடுபடாது.

ஜார்ஜின் காப்புரிமை பெட்ஃபர்டின் எர்ல் ஃப்ரான்சிஸ் ரஸ்ஸலுக்குக் கிடைத்தது. அவர் நல்ல காப்பாளராகவே நடந்துகொண்டார். பையனைக் கேம்பிரிட்ஜில் டிரினிட்டி கல்லூரிக்கு அனுப்பினார். பின்னாளில் கேன்டர்பரி பேராயராக உயர்ந்த ஜான் விட்கிஃப்ட் அங்கே அவருக்கு ஆசிரியர். கணிதமும் நிலவியலும் வரைபடங்களும் ஜார்ஜுக்குப் பிடித்தன. கடல் மீது பிற்காலத்தில் ஏற்பட்ட மோகத்துக்கு இந்தப் படிப்பும் ஒரு காரணம்.

1577 ஜூன் 24 அன்று தேம்ஸ் நதியின் தென்கரையில் உள்ள ஒரு தேவாலயத்தில் கல்யாணம் நடந்தது. இன்று அது சதக் பேராலயம். மணப்பெண் மார்கரெட் ரஸ்ஸல், காப்பாளரின் கடைசி மகள். மாப்பிள்ளைக்கு 18 வயது, பெண்ணுக்கு 16. காப்பாளர் தன் மகளையே வார்டுக்குக் கட்டிவைப்பது அந்தக் காலத்தில் சாதாரணம். காப்புரிமையைப் பெறுவதற்கு அதுவே பெரிய காரணம். அதே நாளில் அதே தேவாலயத்தில் ஜார்ஜின் தங்கை ஃப்ரான்சஸுக்கும் கல்யாணம் ஆனது.

இப்படிப்பட்ட கல்யாணத்தில் ஒப்பந்தம் உண்டு. பெண் வீட்டார் சீதனம் தருவார்கள். பதிலுக்கு மாப்பிள்ளை வீட்டார், கணவன் முதலில் இறந்தால் மனைவி தன் ஆயுள்வரை அனுபவிக்க ஒரு நிலப்பகுதியை எழுதிவைப்பார்கள். இதை விதவைப் பாகம் என்று சொல்லலாம். மார்கரெட்டுக்கு எழுதப்பட்ட விதவைப் பாகம் வெஸ்ட்மர்லண்டில் இருந்தது. ஜார்ஜ் உயிலில் என்ன எழுதினாலும் அவள் சாகும்வரை அந்த நிலத்தில் யாரும் கைவைக்க முடியாது. வழக்கின் போக்கையே மாற்றிய ஏற்பாடு இது.

ஜார்ஜ் பெரியவரானதும் அரண்மனைக்குப் போனார். எலிசபெத் அரசியின் காலத்தில் பதவியும் சலுகையும் ஒப்பந்தமும் அரசியின் அருகில் இருப்பவர்களுக்கே கிடைத்தன. அருகில் இருப்பதற்குச் செலவு அதிகம். உடை, குதிரை, பரிவாரம், பந்தயம், சூதாட்டம் எல்லாமே கடனை வளர்த்தன. அரசி பட்டமேறிய நாளான நவம்பர் 17 அன்று ஆண்டுதோறும் குதிரையேறி ஈட்டியால் மோதும் போட்டி நடக்கும். 1590இல் ஜார்ஜ் அரசியின் வீரர் என்ற சிறப்புப் பெற்று அந்தப் போட்டிக்குத் தலைமை தாங்கினார். அந்தக் கோலத்தில் அவரை நிக்கலஸ் ஹில்லியர்ட் வரைந்த சிற்றோவியம் கிரீன்விச்சில் இருக்கிறது. கையில் நீண்ட ஈட்டி. தொப்பியில் ஒரு பெண்ணின் கையுறை செருகியிருக்கிறது. அது அரசி தவறவிட்ட கையுறை என்றும், எடுத்துக் கொடுத்தவரிடமே அரசி அதை விட்டுவிட்டார் என்றும் சொல்வார்கள். கிரீன்விச் அரச பட்டறையில் செய்யப்பட்ட அவருடைய கவசம் நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் ஏறக்குறைய முழுசாகவே இருக்கிறது. கருநீல இரும்பின் மேல் பொன் வேலை. உற்றுப் பார்த்தால் டியூடர் ரோஜாக்களுக்கு இடையே அரசியின் பெயரின் முதலெழுத்து, முதுகோடு முதுகு ஒட்டிய இரட்டை எழுத்தாக மீண்டும் மீண்டும் வரும். ஒரு பிரபு தன் செலவை எங்கே கொட்டினார் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டாம்.

கடனை அடைக்க அவர் பிடித்த வழி கடல். 1586 முதல் 1598 வரை அவர் அனுப்பிய பயணங்கள் பன்னிரண்டு. சிலவற்றில் அவரே கப்பலேறினார். ஸ்பெயினோடு போர் நடந்த காலம் அது. அரசாங்கத்தின் அனுமதிப் பத்திரம் பெற்ற தனியார் கப்பல்கள் எதிரி நாட்டுக் கப்பல்களைப் பிடிக்கலாம். பத்திரம் இல்லாமல் பிடித்தால் கடற்கொள்ளை. பத்திரத்தோடு பிடித்தால் சட்டப்படியான தொழில். பிடித்த கப்பலைத் துறைமுகத்துக்குக் கொண்டுவந்து கடற்படை நீதிமன்றத்தில் உரிமை பெற வேண்டும். பத்தில் ஒரு பங்கு கடற்படைத் தலைவருக்கு. சுங்கம் தனி. மீதியை மூன்றாகப் பிரிப்பார்கள்: கப்பல் உடைமையாளருக்கு ஒரு பங்கு, உணவும் வெடிமருந்தும் ஏற்றிக்கொடுத்தவருக்கு ஒரு பங்கு, மாலுமிகளுக்கு ஒரு பங்கு. மாலுமிகளுக்குச் சம்பளம் கிடையாது. ஜார்ஜ் பல சமயம் கப்பலுக்கும் சரக்குக்கும் தானே பணம் போட்டார். அதனால் வரவில் பெரும்பங்கு அவருக்கு. எதுவும் சிக்காமல் திரும்பினால் நஷ்டம் முழுவதும் அவர் தலையில்.

1589 பயணத்தில் அவரே அசோரஸ் தீவுகளுக்குப் போனார். திரும்பும் வழியில் காற்று எதிர்த்து நின்றது, குடிநீர் தீர்ந்தது. மழை பெய்தால் துணியை விரித்துப் பிழிந்து குடித்தார்கள். கப்பல் தளத்தில் விழுந்த துளிகளை நக்கினார்கள். சண்டையில் இறந்தவர்களைவிடத் தாகத்தில் இறந்தவர்கள் அதிகம். கேம்பிரிட்ஜ் கணித அறிஞர் எட்வர்ட் ரைட் அந்தக் கப்பலில் இருந்தார். கடல் வரைபடங்களில் உள்ள பிழைகளை நேரில் கண்ட அவர், பின்னர் 1599இல் வெளியிட்ட நூல் மெர்கேட்டர் வரைபடத்தின் கணக்கை விளக்கிய முக்கிய நூலாயிற்று. அந்த நூலை அவர் ஜார்ஜுக்கே காணிக்கையாக்கினார். கொள்ளையால் வந்ததைவிட நீண்டநாள் நின்ற பயன் இது என்று எனக்குத் தோன்றுகிறது.

பெரிய வேட்டை 1592இல் வாய்த்தது. இந்தியாவிலிருந்து லிஸ்பனுக்குத் திரும்பிக்கொண்டிருந்த மாத்ரே டி தேயுஸ் என்ற போர்த்துகீசியக் கப்பலை, ஜார்ஜின் கப்பல்களும் அரசியின் கப்பலும் வால்டர் ராலியின் கப்பலும் சேர்ந்து அசோரஸ் அருகே பிடித்தன. 1,600 டன் கப்பல், நீளம் 165 அடி, ஏழு தளங்கள். உள்ளே மிளகு, கிராம்பு, பட்டை, ஜாதிக்காய், பட்டு, பருத்தித் துணி, நகைகள். சீனாவைப் பற்றி லத்தீனில் எழுதி மக்காவு நகரில் 1590இல் அச்சிட்ட ஒரு புத்தகமும் அதில் கிடைத்தது. மணக்கும் தேவதாரு மரப்பெட்டிக்குள், மெல்லிய கோழிக்கோட்டுத் துணியில் ஏறக்குறைய நூறு சுற்றுச் சுற்றி வைத்திருந்ததாகக் கடற்பயணக் குறிப்புகளைத் தொகுத்த ரிச்சர்ட் ஹக்ளூட் பதிவு செய்திருக்கிறார். கீழ்த்திசை பற்றிய தகவல் அன்று நகைக்குச் சமமாக மதிக்கப்பட்டது.

கப்பல் டார்ட்மத் துறைமுகத்துக்கு வருவதற்குள் மாலுமிகள் அள்ளியது போக மிஞ்சிய சரக்கின் மதிப்பு சுமார் 1,40,000 பவுண்டு. மாலுமிகளைக் கட்டுப்படுத்த, சிறையில் இருந்த ராலியையே வெளியே விட வேண்டியிருந்தது. பங்கு பிரிக்கும்போது ஜார்ஜுக்கு ஒரு சிக்கல் வந்தது. அவருடைய அனுமதிப் பத்திரம் அவர் நேரில் இருக்கும் பயணத்துக்கானது; அவர் அப்போது கப்பலில் இல்லை. அதனால் உரிமையாகக் கேட்க முடியவில்லை. அரசி பார்த்துக் கொடுப்பதுதான். அரசி சுமார் 36,000 பவுண்டு கொடுத்தார். போட்டதற்கு ஏறக்குறைய இரண்டு மடங்கு. அரசிக்குக் கிடைத்தது அதைவிட மிக அதிகம்.

அத்தகைய வேட்டை மறுபடி வாய்க்கவில்லை. 1594இல் சிங்கோ ஷாகஸ் என்ற இன்னொரு பெரிய கப்பல் சண்டையில் சரக்கோடும் மனிதர்களோடும் எரிந்துபோனது. 1598இல் அவர் பெரும்படையோடு போர்ட்டோ ரிகோவின் சான் ஹுவான் நகரைத் தாக்கி அதன் எல் மோரோ கோட்டையைப் பிடித்தார். ஆங்கிலக் கடற்தளபதி டிரேக் தோற்ற இடம் அது. ஆனால் வயிற்றுக்கடுப்பு நோய் நூற்றுக்கணக்கான வீரர்களைக் கொன்றது. நகரை விட்டுவிட்டுத் திரும்பினார். செலவுக்கு ஈடான வரவு இல்லை.

அவர் கடல் வாழ்க்கையின் கடைசிக் கண்ணி இந்தியாவோடு சேர்கிறது. 1600 டிசம்பர் 31 அன்று எலிசபெத் அரசி கிழக்கிந்தியக் கம்பெனிக்குக் கொடுத்த சாசனத்தில் முதலில் வரும் பெயர் கம்பர்லண்டின் எர்ல் ஜார்ஜ். அதன் பிறகே மற்ற 215 பேர். 1595இல் அவர் கட்டிய பெரிய கப்பலைக் கம்பெனி 3,700 பவுண்டுக்கு வாங்கி ரெட் டிராகன் என்று பெயர் மாற்றியது. 1601இல் ஜேம்ஸ் லங்காஸ்டர் தலைமையில் கம்பெனியின் முதல் பயணத்தை முன்னின்று நடத்திய கப்பல் அதுதான். 1612இல் சூரத் அருகே சுவாலிக் கடலில் போர்த்துகீசியரை எதிர்த்துப் போரிட்டதும் அதே கப்பல்.

இனி வீட்டுக்குள் வருவோம். ஜார்ஜுக்கும் மார்கரெட்டுக்கும் இரண்டு மகன்கள் பிறந்தார்கள். மூத்தவன் ஃப்ரான்சிஸ் 1589இல் இறந்தான். அவன் இறந்த சில வாரங்களில், 1590 ஜனவரி 30 அன்று ஸ்கிப்டன் கோட்டையில் ஆன் பிறந்தாள். இளையவன் ராபர்ட் 1591இல் இறந்தான். இருவருமே ஐந்தாறு வயதைத் தாண்டவில்லை. கணவன் கடலிலும் அரண்மனையிலும் இருக்க, மனைவி மருந்து காய்ச்சுவதிலும் பக்தி நூல்களிலும் ஏழைப் பெண்களுக்கு விடுதி கட்டுவதிலும் காலம் கழித்தாள். நாளடைவில் இருவரும் பிரிந்து வாழ்ந்தார்கள். மகளுக்குக் கவிஞர் சாமுவேல் டேனியலை ஆசிரியராக அமர்த்தியது தாய்தான்.

இப்போது உயிலின் நடுப்புள்ளி. 1310இல் அரசர் ஸ்கிப்டனைக் கொடுத்தபோது, ராபர்ட் க்ளிஃபர்டுக்கும் அவர் உடலில் பிறந்த வாரிசுகளுக்கும் என்று கொடுத்தார். ஆண் வாரிசு என்று சொல்லவில்லை. இப்படி வாரிசு வரிசையை முன்கூட்டியே கட்டிவைப்பதற்கு என்டெயில் என்று பெயர். என்டெயில் உள்ள நிலத்தை வைத்திருப்பவர் ஆயுள்வரை அனுபவிக்கலாம். அடுத்த வாரிசை மாற்றி எழுத முடியாது. வரிசைப்படி ஜார்ஜுக்கு அடுத்தது அவர் மகள். தம்பி அதற்குப் பிறகுதான்.

ஆனால் என்டெயிலை உடைக்க வழக்கறிஞர்கள் ஒரு வழி கண்டுபிடித்திருந்தார்கள். நிலத்தை வைத்திருப்பவர் தன் நம்பிக்கைக்குரிய ஒருவரைக் கொண்டு தன்மீதே வழக்குப் போடச் செய்வார், பேசிவைத்தபடி தோற்பார், நீதிமன்றத் தீர்ப்பின் பலத்தில் நிலம் கட்டிலிருந்து விடுபடும். எல்லோருக்கும் தெரிந்த நாடகம் இது. நீதிமன்றமும் ஏற்றுக்கொண்ட நாடகம். ஜார்ஜ் இத்தகைய சட்ட நடவடிக்கைகளால் நிலத்தை மறுபடி எழுதி ஆண்வழிக்கு ஏற்பாடு செய்தார். வழக்கின் கேள்வி ஒன்றுதான்: அந்த நடவடிக்கை என்டெயிலை உண்மையில் உடைத்ததா, இல்லையா? தம்பி தரப்பு உடைத்தது என்றது. தாயும் மகளும் உடைக்கவில்லை என்றார்கள்.

மார்கரெட் அழுதுகொண்டு உட்கார்ந்திருக்கவில்லை. ஆவணங்களைத் தேடப் பழமை ஆய்வாளர்களை அமர்த்தினாள். லண்டன் டவரில் இருந்த அரசுப் பதிவேடுகளிலிருந்து குடும்பத்தின் பட்டயங்களை ஒவ்வொன்றாக நகல் எடுக்கச் செய்தாள். பல தலைமுறைகளின் சாசனங்கள் சேர்ந்தன. ஆன் பின்னாளில் அவற்றைப் பெரிய தொகுதிகளாகத் தொகுத்தார். வெஸ்ட்மர்லண்ட் பெண்வழி வந்த சொத்து என்பது இந்தத் தேடலில் பளிச்சென்று தெரிந்தது.

1609இல் ஆன், ரிச்சர்ட் சாக்வில்லை மணந்தார். அவர் விரைவில் டார்செட்டின் எர்ல் ஆனார். கல்யாணம் ஆனதும் வழக்கில் ஒரு புது முடிச்சு விழுந்தது. அன்றைய சட்டப்படி மணமான பெண்ணுக்குத் தனிச் சட்ட ஆளுமை இல்லை. கணவனின் நிழலில் அவள் மறைந்துவிடுவாள். அவள் நகையும் பணமும் கணவனுடையவை. நிலத்துக்கு மட்டும் ஒரு விலக்கு. பரம்பரையாக மனைவிக்கு வந்த நிலத்தின் வருமானத்தைக் கணவன் அனுபவிக்கலாம். அவள் சம்மதம் இல்லாமல் நிரந்தரமாக விற்கவோ விட்டுக்கொடுக்கவோ முடியாது. அவள் மனமுவந்து சம்மதிக்கிறாளா என்று நீதிபதி தனியே அழைத்துக் கேட்க வேண்டும். டார்செட் ஊதாரி, கடன்காரர். அவருக்கு வடக்கில் உள்ள கோட்டை வேண்டாம், கையில் ரொக்கம் வேண்டும். சமரசம் செய்துகொண்டால் ரொக்கம் வரும். அதற்கு ஆன் கையெழுத்து வேண்டும். இத்தனை பெரிய மனிதர்கள் ஒரு பெண்ணைச் சுற்றி நின்று வற்புறுத்தியதற்குக் காரணம் அந்தக் கையெழுத்தே.

1615இல் நீதிபதிகள், ஆன் வெஸ்ட்மர்லண்ட் அல்லது க்ரேவன் இரண்டில் ஒன்றை எடுத்துக்கொள்ளலாம் என்றார்கள். ஆன் ஏற்கவில்லை. 1616 ஏப்ரல் 2 அன்று ப்ரூம் அருகே தாயிடம் விடைபெற்றார். அதற்குப் பிறகு தாயைப் பார்க்கவில்லை. மே மாதம் மார்கரெட் இறந்தாள். அவள் உயிரோடு இருந்தவரை விதவைப் பாகத்தின் பலத்தில் வெஸ்ட்மர்லண்ட் தாயின் அனுபோகத்தில் இருந்தது. அது போனதும் சித்தப்பாவின் ஆட்கள் உள்ளே வந்தார்கள். அந்த மாதமே டார்செட், வற்புறுத்தலின் ஒரு பகுதியாக, இரண்டு வயதுகூட நிரம்பாத மகள் மார்கரெட்டை ஆனிடமிருந்து பிரித்து வேறு வீட்டுக்கு அனுப்பச் சொன்னார்.

1617 ஜனவரியில் விஷயம் அரசர் முதலாம் ஜேம்ஸிடம் போனது. அதற்குமுன் ஜேம்ஸின் மனைவியான அரசி ஆனை எச்சரித்தார்: எல்லாவற்றையும் அரசரிடம் ஒப்படைத்துவிடாதே, ஏமாந்துபோவாய் என்று. அரண்மனை உள்ளறையில் அரசர் மற்றவர்களை வெளியேற்றிவிட்டுக் கணவனையும் மனைவியையும் தன் நாற்காலியின் இருபுறமும் மண்டியிடச் செய்து, வழக்கைத் தன்னிடம் விடும்படி கேட்டார். டார்செட் சம்மதித்தார். ஆன், உயிர் உள்ளவரை எந்த நிபந்தனையிலும் வெஸ்ட்மர்லண்டை விட மாட்டேன், மன்னிக்க வேண்டும் என்றார். அரசர் நயமாகவும் பேசினார், கோபமாகவும் பேசினார். பலிக்கவில்லை. ஆனுக்கு அப்போது வயது 26. இந்தக் காட்சியை அவரே நாட்குறிப்பில் எழுதிவைத்ததால் நமக்குத் தெரிகிறது.

மார்ச் மாதம் அரசர் தீர்ப்பளித்தார். நிலம் சித்தப்பாவுக்கும் அவருடைய ஆண் வாரிசுகளுக்கும். ஆன் தரப்புக்கு 20,000 பவுண்டு வரை பணம். சித்தப்பாவின் ஆண்வழி அற்றுப்போனால் நிலம் ஆனுக்குத் திரும்பும். அந்தக் கடைசி நிபந்தனை அரசர் புதிதாகச் சேர்த்தது அல்ல. தந்தையின் உயிலிலேயே இருந்தது.

பிறகு நடந்தது காத்திருப்பு. 1624இல் டார்செட் இறந்தார். 1630இல் ஆன் பெம்புரோக்கின் எர்ல் ஃபிலிப் ஹெர்பர்ட்டை மணந்தார். அந்த வாழ்க்கையும் நன்றாக அமையவில்லை. 1641இல் சித்தப்பா இறந்தார். அவர் மகன் ஹென்றி, ஐந்தாம் எர்ல், 1643 டிசம்பரில் ஆண் வாரிசு இல்லாமல் இறந்தார். எர்ல் பட்டம் அதோடு முடிந்தது. நிலம் ஆனுக்கு வந்தது. அப்போது அவருக்கு 53 வயது. நாட்டில் உள்நாட்டுப் போர் நடந்துகொண்டிருந்ததால் 1649இல்தான் வடக்கே போக முடிந்தது. போரில் இடிந்த கோட்டைகளை ஒவ்வொன்றாகப் பழுதுபார்த்தார், தேவாலயங்களைப் புதுப்பித்தார், ஆப்பிள்பியில் ஏழை விதவைகளுக்கு விடுதி கட்டினார். பரம்பரை ஷெரீஃப் பதவியையும் தானே வகித்தார். தாயைக் கடைசியாகப் பிரிந்த இடத்தில் ஒரு கல்தூண் நாட்டி, ஒவ்வோர் ஆண்டும் ஏப்ரல் 2 அன்று ஏழைகளுக்கு நான்கு பவுண்டு கொடுக்க ஏற்பாடு செய்தார். தூண் இன்றும் சாலையோரம் நிற்கிறது. 1676 மார்ச் 22 அன்று, 86 வயதில் இறந்தார்.

1646இல் ஆன் வரைவித்த ஒரு பெரிய முப்பலகை ஓவியம் கெண்டல் நகரில் இருக்கிறது. நடுவில் தந்தை, தாய், இரண்டு சிறு மகன்கள். இடப்பக்கம் 15 வயது ஆன். தந்தை இறந்த, சொத்து கைவிட்டுப் போன வயது. வலப்பக்கம் சொத்து வந்த பிறகு, ஐம்பது தாண்டிய ஆன். தந்தையை அவர் கவசம் தரித்து, கம்பீரமாக நிற்க வைத்திருக்கிறார். ஸ்கிப்டன் தேவாலயத்தில் தந்தைக்குச் சமாதி எழுப்பியதும் அவர்தான். சித்தப்பாவோடு கடைசிவரை சமாதானமாகாத ஆன், தந்தையை எழுத்தில் எங்கும் வெறுக்கவில்லை. மரணப் படுக்கையில் தந்தையின் அருகே தாயும் தானும் இருந்ததாகவும், தம்பி மகன் வாரிசின்றி இறந்து நிலம் தன் மகளுக்கே வந்துசேரும் என்று தந்தை உறுதியாக நம்பியதாகவும் எழுதியிருக்கிறார்.

இதையெல்லாம் வைத்துப் பார்த்தால் ஜார்ஜின் உயிலைக் கொடுமை என்று ஒரே சொல்லில் முடிக்க முடியவில்லை. எர்ல் பட்டம் தம்பிக்குப் போகப்போகிறது. நிலமில்லாத எர்ல் அந்தச் சமூகத்தில் வெறும் பெயர். பட்டத்தையும் நிலத்தையும் ஒரே கையில் வைக்க நினைத்த பிரபுக்கள் பலர். அவரும் அவர்களில் ஒருவர். கடனில் மூழ்கிய அவர் மகளுக்கு எழுதிய 15,000 பவுண்டும் சிறு தொகை அல்ல. ஆனால் அவர் நினைத்தது ஒன்று, அவருக்கு உரிமை இருந்தது வேறு. 1310 சாசனம் ஆண், பெண் என்று பிரிக்காத சாசனம். வெஸ்ட்மர்லண்ட் மகள்வழி வந்த நிலம். அதை மகளிடமிருந்து விலக்கியதில் அவருடைய கை சட்டத்துக்கு மேல் நீண்டது என்பதே என் கருத்து. ஆன் 38 ஆண்டுகள் கேட்டது சலுகை அல்ல, பாத்தியதை.

ஆனுக்குப் பிறகு நிலம் அவர் மகள் மார்கரெட்டின் பிள்ளைகளான டஃப்டன் குடும்பத்துக்குப் போனது. எர்ல் பட்டத்துக்கும் முந்தையது க்ளிஃபர்ட்களின் பாரன் பட்டம். ஆன் அதையும் தன்னுடையது என்று சொல்லிவந்தார். அவர் காலத்தில் யாரும் ஒப்புக்கொள்ளவில்லை. 1691இல் பிரபுக்கள் சபை அந்தப் பட்டம் பெண்வழியிலும் இறங்கும் என்று ஏற்று, அதை ஆனின் பேரன் தாமஸ் டஃப்டனுக்கு உறுதி செய்தது.